பழைய கைக்கடிகாரங்களும் பழைய விளம்பரங்களும்

காலத்தை நமக்குக் காட்டுவது கடிகாரம். ஆயின் அக்கடிகாரம் பிறந்த காலத்தை நமக்குக் காட்டுவது யாது? இவ்வினா முதற்கண் விளையாட்டாகத் தோன்றினும், முன்னோர் அணிந்த கைக்கடிகாரமொன்றைப் பெட்டியிற் பொதிந்து காத்துவரும் குடும்பத்தார்க்கு இது விளையாட்டன்று. "இஃது எந்த ஆண்டினது?" என்று அவர்கள் வினவுங்கால், விடை கூறுவார் பலர், சான்று காட்டுவார் சிலரே. அச்சான்றுகளுள் எளிதிற் கிடைப்பதும், பலராலும் பொருட்படுத்தாது தள்ளப்படுவதுமாகிய ஒன்றைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுந்தோம். அதுதான் பழம் பத்திரிகைகளில் வெளிவந்த கடிகார விளம்பரம்.

சென்ற கோடை விடுமுறையில் கடலூர் முதுநகரில் வாழும் நண்பரொருவர் எம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்து, தம் பாட்டனாருடைய கைக்கடிகாரத்தைக் காட்டினார். அதன் டயலில் 'வெஸ்ட் எண்டு வாச் கம்பெனி' என்று ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. "இஃது அப்பா தம் கலியாணத்தன்று கட்டியிருந்தது, கலியாணம் நடந்தது 1925இல்" என்று நண்பரின் அத்தையார் உறுதியாகக் கூறினார். அவருக்கு வயது எண்பத்தைந்து. நண்பருடைய மகனுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கடிகாரத்தின் பின்மூடியில் '1925' என்று பொறித்து, மணநாளில் அதனை மகன் கையிற் கட்டவேண்டுமென்பது நண்பரின் ஆசை. "பொறிக்குமுன் ஆண்டு சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று எம்மிடம் அதனை ஒப்புவித்தார். உலோகத்திற் பொறித்த பிழை தலைமுறை தலைமுறையாக நிற்குமாதலின், யாமும் அப்பொறுப்பை எளிதாக எண்ணவில்லை.

முதலில் அக்கம்பெனியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். வெஸ்ட் எண்டு கடிகாரங்கள் ஸ்விட்ஸர்லாந்து நாட்டிற் செய்யப்பெற்று, பம்பாய், கல்கத்தா நகரங்களிலிருந்து இந்தியா முழுவதும் விற்பனையாயின. சேனை வீரர்களிடையேயும் இரயில்வே ஊழியர்களிடையேயும் அவற்றிற்கு மிக்க மதிப்பு இருந்தது. அவற்றுள் ஒருவகைக்குக் குதிரைவீரனைக் குறிக்கும் 'ஸோவார்' என்னும் பெயரே இடப்பட்டது. ஃபேவர்-லூபா என்னும் மற்றொரு ஸ்விஸ் கம்பெனியும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாயிற் கால்கொண்டது. சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்த பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற பெருங்கடைகள், வெளிநாட்டிற் செய்த கடிகாரங்களின் டயலில் தம் பெயரையும் அச்சிட்டு விற்றன. ஆகவே டயலிற் காணும் பெயர் செய்தவன் பெயராகவும் இருக்கலாம். விற்றவன் பெயராகவும் இருக்கலாம். இவற்றுட் பலவற்றிற்கு உள்ளே எண் உண்டு. எனினும், அவ்வெண்ணை ஆண்டோடு பொருத்திக் காட்டும் அட்டவணை எல்லாக் கம்பெனிகளுக்கும் கிடைப்பதில்லை. இங்கேதான் விளம்பரம் துணைக்கு வருகின்றது.

விளம்பரத்தின் சிறப்பு யாதெனின், அது நாளிட்ட தாளில் அச்சாவதே. கடிகாரத்தின் பெயர், வடிவம், முட்களின் தோற்றம், டயலின் எழுத்து, கற்களின் எண்ணிக்கை, விலை ஆகிய யாவும் அதிற் படத்தோடு காணப்படும். கடைக்காரனுடைய நோக்கம் விற்பது; வரலாறு எழுதுவதன்று. ஆயினும் தான் அறியாமலே அவன் வரலாற்றுக்குச் சாட்சியாகின்றான். எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணையின்றி ஏற்றல் கூடாதன்றோ? இவனையும் அங்ஙனமே விசாரித்தல் வேண்டும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டொன்று உண்டு. 1927ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், இலண்டன் 'டெய்லி மெயில்' பத்திரிகையின் முதற்பக்கம் முழுவதையும் ரோலெக்ஸ் கம்பெனியார் தம் 'ஆய்ஸ்டர்' என்னும் நீர்புகாக் கடிகாரத்தின் விளம்பரத்திற்கெனப் பெற்றனர். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த மெர்ஸிடஸ் கிளைட்ஸ் என்னும் பெண்மணியின் புகழ் அக்கடிகாரத்தோடு சேர்த்துப் பரப்பப்பட்டது. ஆனால் நிகழ்ந்தது இது: அவர் கால்வாயைக் கடந்து கரையேறியது அக்டோபர் 7ஆம் நாள்; அன்று அக்கடிகாரம் அவரிடம் இல்லை. அவரது வெற்றியைச் சிலர் ஐயுற்றமையால் அக்டோபர் 21ஆம் நாள் மீண்டும் நீந்தினார். அப்பொழுதுதான் கடிகாரம் அவர் கழுத்திற் றொங்கியது. கடுங்குளிரால் அம்முயற்சி முற்றுப்பெறவில்லை. கடிகாரமோ நீரிற் பழுதின்றி ஓடிற்று. இதிலிருந்து நாம் அறிவது யாது? அவ்வகைக் கடிகாரம் 1927இல் விற்பனையில் இருந்ததென்பதற்கு அவ்விளம்பரம் ஐயமற்ற சான்று. அதனோடு பிணைத்துப் பரப்பிய கதைக்கோ அது மட்டும் போதிய சான்றன்று. விளம்பரத்தின் நாளை நம்பலாம். அதன் பெருமையுரையை நிறுத்துத்தான் கொள்ளவேண்டும்.

நிற்க. நண்பர் இல்லத்தில் யாம் உரையாடிக்கொண்டிருக்கையில், அத்தையார் தம் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பெட்டியின் அடியிற் பரப்பியிருந்த தாள்களுள் ஒன்று பழைய தமிழ்ச் சஞ்சிகையின் ஏடு. அதில் அதே கம்பெனியின் கைக்கடிகார விளம்பரம்! படத்திலிருந்த டயலும் எம் கையிலிருந்ததன் டயலும் பெரிதும் ஒத்திருந்தன. "இதோ சான்று" என்று நண்பர் மகிழ்ந்தார். ஆயின் அவ்வேட்டில் ஆங்கில ஆண்டு இல்லை. சஞ்சிகையின் பெயரும் கிழிந்துபோயிற்று. எனவே கடிகாரத்தின் வயதை அறியுமுன் விளம்பரத்தின் வயதை அறியவேண்டியதாயிற்று. நாளற்ற விளம்பரத்தை ஆராயும் முறைகளை, மாணவர்க்குப் பயன்படுமாறு, ஈண்டு வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, விலை. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று தசம நாணயம் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன் ரூபாய், அணா, பை என்றே விலை குறிப்பர். அதன்பின் சில காலம் 'நயா பைசா' என்று வழங்கி, 1964 ஜூன் முதல் நாளிலிருந்து 'பைசா' என்றாயிற்று. எனவே அணாவில் மட்டும் விலை குறித்த விளம்பரம் 1957க்கு முற்பட்டதென்று கொள்ளலாம். 'நயா பைசா' என்றிருப்பின் அவ்வேழாண்டுகளுக்குள் அடங்குவதாகக் கருதலாம். எம் ஏட்டில் விலை ரூபாயும் அணாவுமாக இருந்தது.

இரண்டாவது, எழுத்து. தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை என்னும் நான்கும் யானையின் துதிக்கைபோல மேலே வளைந்த வடிவில் அச்சாயின. ணா, றா, னா முதலிய ஒன்பதும் தனித்த சுழிவடிவம் பெற்றிருந்தன. ஆக மாறியவை பதின்மூன்று எழுத்துக்கள். புதிய வடிவங் காணப்படின் 1978க்குப் பிற்பட்டதாதல் பெரும்பான்மை. எனினும் பெரியார் ஈ. வே. ராமசாமியின் 'குடி அரசு' 1935ஆம் ஆண்டிலேயே சீர்திருத்த எழுத்தைக் கைக்கொண்டதென்பதை மறத்தலாகாது. பழைய வடிவங் காணப்படின் முற்பட்டதென்று முடிவுகட்டவும் இயலாது. பழைய அச்செழுத்தைக் கையில் வைத்திருந்த அச்சகத்தார் அரசாணை வந்த மறுநாளே அவற்றை எறிந்துவிடவில்லை.

மூன்றாவது, முகவரி. ஆறிலக்க அஞ்சற் குறியீட்டெண் 1972 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. அது காணப்படின் விளம்பரம் அதற்குப் பிற்பட்டதே. கடலூரும் சிதம்பரமும் 1993ஆம் ஆண்டுவரை தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆங்கில விளம்பரத்தில் 'மெட்ராஸ்' என்பது 1996க்குப்பின் 'சென்னை' ஆயிற்று; தமிழ் விளம்பரத்திலோ 'சென்னை' என்பதே தொன்றுதொட்ட வழக்கு. ஆதலின் ஒரு மொழிக்குரிய சான்றை மற்றொரு மொழிக்கு ஏற்றுதல் பிழையாகும்.

நான்காவது, தமிழ் ஆண்டு. நம் சஞ்சிகைகள் பலவற்றில் தமிழ் வருஷமும் மாதமும் குறிப்பதுண்டு. ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கொருமுறை சுழன்று வருவன. 'பிரபவ' என்பது 1927இலும் பிறந்தது, 1987இலும் பிறந்தது. ஆகவே தமிழ் ஆண்டொன்றே போதாது. வேறொரு சான்றோடு அதனைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

எம் ஏட்டின் பின்புறத்தில், தொடர்கதையொன்றின் தலைப்பருகே, 'வெகுதானிய வருஷம் மார்கழி மாதம்' என்று அச்சிட்டிருந்தது. வெகுதானிய ஆண்டு 1938இலும் 1998இலும் பிறந்தது. 1998இல் அணா ஏது? ஆகவே அவ்வேடு 1938 டிசம்பர் நடுவிலிருந்து 1939 ஜனவரி நடு வரையுள்ள காலத்தது என்பது தெளிவாயிற்று. ஒன்று தனித்து நின்று சொல்லாததை இரண்டு சேர்ந்து நின்று சொல்லின.

இது கேட்டு நண்பர், "அப்படியாயின் கடிகாரம் 1938இல் செய்யப்பட்டதா?" என்றார். இவ்விடத்திற்றான் பலர் இடறி விழுவர். கடிகாரம் செய்த ஆண்டு வேறு. விளம்பரம் வந்த ஆண்டு வேறு. அதனை ஒருவர் விலைகொடுத்து வாங்கிய ஆண்டு வேறு. ஒரு குழந்தை பிறந்த நாளும், அதற்குப் பெயரிட்ட நாளும், பள்ளியிற் சேர்த்த நாளும் வேறுவேறாதல் போல இதனைக் கொள்க. கடைக்காரர் விளம்பரப் படத்திற்கென ஒருமுறை செய்த உலோகப் 'பிளாக்'கைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டதுண்டு. பட்டணத்துக் கடையில் விலைபோகாத சரக்கு சிற்றூர்க் கடையிற் பின்னர் விலைபோனதும் உண்டு. ஆகவே விளம்பரம் உறுதியாகச் சொல்வது, "இவ்வகைக் கடிகாரம் அன்று விற்பனையில் இருந்தது" என்பது மட்டுமே. அதற்குமேற் சொல்லவேண்டியது கடிகாரமே.

ஆதலின் மறுநாட் காலையில் கடிகாரத்துடன் இரயிலேறிச் சிதம்பரம் சென்றோம். அங்குக் கீழவீதியையடுத்துச் சிறு கடை வைத்திருக்கும் முதியவர், சாவி கொடுக்கும் கடிகாரங்களை ஐம்பதாண்டுகளாகப் பழுதுபார்த்து வருபவர். பொன்னம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்றும், அவை மனிதன் ஒருநாளில் விடும் மூச்சின் தொகையென்றும் வழங்கும் மரபை நம்மவர் அறிவர். அறுபது நாழிகைக்கு நாழிகையொன்றுக்கு 360 மூச்சு என்பது அக்கணக்கு. அதே 21,600 என்னும் எண்ணைக் கடிகாரத் தொழிலிலுங் காண்கிறோம். ஆனால் அங்கு அது ஒருமணி நேரத்தில் கடிகாரம் அடிக்கும் அடிகளின் தொகை. பழைய கைக்கடிகாரங்களுட் பெரும்பாலானவை மணிக்கு 18,000 அடி, அஃதாவது நொடிக்கு ஐந்தடி அடிப்பன. 21,600 அடிப்பன பின்னர்ப் பெருகியவை. முதியவர் எம் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டவுடன், "பழைய நடைதான், ஐயா, பதினெட்டாயிரம்" என்றார்.

பின் அவர் பின்மூடியைக் கழற்றினார். சுழலும் பாலன்ஸ் சக்கரத்தின் நடுவில், யாழ்போன்ற வடிவுடைய சிறு வில்லொன்று கல்லைத் தாங்கி நின்றது. அது 'இன்கபிளாக்' என்னும் அதிர்ச்சிதாங்கி. கடிகாரம் கீழே விழுந்தால் பாலன்ஸின் மெல்லிய முனை முறியாதபடி, கல்லைச் சிறிது அசையவிட்டு மீண்டும் இருப்பிடத்தில் அமர்த்துவது அவ்வில்லின் தொழில். இவ்வமைப்பு ஸ்விட்ஸர்லாந்தில் தோன்றிய ஆண்டு 1934. ஆகவே அக்கடிகாரம் 1925ஆம் ஆண்டுத் திருமணத்தில் எவர் கையிலும் இருந்திருக்க இயலாது. மூடியின் உட்புறத்தில், முன்னொருகாலத்திற் பழுதுபார்த்தவர் ஊசியாற் கீறிய சிறு எழுத்துக்களை முதியவர் பூதக்கண்ணாடியிற் காட்டினார்: '12-4-47'. பழுதுபார்ப்போர் தாம் கைவைத்த நாளை இங்ஙனம் கீறிவைத்தல் அத்தொழிலின் வழக்கம். ஆக, கடிகாரம் 1934க்கு முன்னதன்று. 1947 ஏப்ரலுக்குப் பின்னதுமன்று. 1938ஆம் ஆண்டு விளம்பரம் அவ்விரு கரைகளுக்கும் இடையே பொருத்தமாக அமைந்தது. மூன்று சாட்சிகளும் ஒருவாய்ப்பட உரைத்தன.

அதே கடையில் வேறொரு பாடமும் கற்றோம். ஓய்வுபெற்ற ஆசிரியரொருவர் தம் எச். எம். டி. 'ஜனதா'வைக் கொணர்ந்திருந்தார். 1953இல் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் கம்பெனி, ஜப்பானியரின் ஸிட்டிஸன் கம்பெனியோடு கூடிப் பெங்களூரிற் கைக்கடிகாரத் தொழிலைத் தொடங்கியது 1961இல். தொடக்க நாளில் வந்தவற்றின் டயலில் இருகம்பெனிப் பெயரும் காணப்படும். வேலையில் அமர்ந்த மகனுக்குத் தந்தை அளித்ததும், ஓய்வுபெறும் ஊழியர்க்கு அலுவலகத்தார் அளித்ததும் பெரும்பாலும் அக்கடிகாரமே. அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு இசைந்தது 2016ஆம் ஆண்டு ஜனவரியில். அதன்பின் அப்பழங்கடிகாரங்களுக்கு விருப்பம் பெருகவே, தேய்ந்த டயலைச் சுரண்டிப் பளபளக்கும் வண்ணந் தீட்டி விற்போரும் பெருகினர். ஆசிரியர் அண்மையில் வாங்கியதும் அத்தகையதே. "இயந்திரம் பழையது, முகம் நேற்று எழுதியது" என்றார் முதியவர். அக்காலத்து எச். எம். டி. விளம்பரங்களை ஒப்புநோக்கின், எழுத்து நின்ற இடமும் கோடுகளின் பருமனும் வேறுபடுதல் புலனாகும். வயதறிவதற்கு மட்டுமன்றி, ஏமாறாமற் காப்பதற்கும் விளம்பரம் பயன்படும் என்பதை அன்று கண்டோம்.

இன்னுஞ் சில அடையாளங்களையும் கூறிவிடுவோம். 'குவார்ட்ஸ்' என்னும் சொல் கைக்கடிகாரத்தின் மேற் காணப்படின், அது 1969க்கு முற்பட்டதாகாது. ஜப்பானியரின் ஸெய்க்கோ கம்பெனியார் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள். 'டைட்டன்' என்றிருப்பின், அக்கம்பெனி தோன்றிய 1984க்குப் பிற்பட்டதே. இருளில் ஒளிரும் எண்களுக்கு முற்காலத்தில் ரேடியம் பூசினர். பின்னர் அதன் இடத்தைப் பெற்ற ட்ரிட்டியத்தைக் குறிக்க டயலின் அடியில் ஆங்கில 'டி' எழுத்தை இட்டனர். ஒளி மங்கிவிட்டதென்று ரேடியம் பூசிய டயலைச் சுரண்டுதல் பெருந்தீங்கு. மங்கியது ஒளிரும் பூச்சேயன்றி ரேடியம் அன்று. அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். அத்துகள் மூச்சிற் கலத்தலாகாது.

மாலையிற் கடலூர் திரும்பி, கண்டவற்றை அத்தையாரிடம் எவ்வாறு உரைப்பதென்று தயங்கினோம். எண்பதாண்டு நம்பிக்கையை ஒரு சிறு வில் முறித்துவிட்டதே என்னும் வருத்தம் எமக்கு இருந்தது. அவரோ அமைதியாகக் கேட்டுவிட்டு, உள்ளே சென்று, சட்டமிட்ட கலியாணப் புகைப்படத்தைக் கொணர்ந்தார். மணமகனின் கோட்டுப் பையிலிருந்து சங்கிலியொன்று வளைந்து தொங்கியது. இரு மணிக்கட்டுகளிலும் கடிகாரம் இல்லை. சிறிது நேரம் அதனையே நோக்கியிருந்தவர், "கலியாணத்துக்குத் தாத்தா போட்டது சங்கிலிக் கடிகாரம். அதை விற்றுத்தான் அண்ணனைப் படிக்கவைத்தார்கள் என்று அம்மா சொல்லுவாள். இது அப்பா பின்னால் தம் சம்பாத்தியத்தில் வாங்கினது போலும்" என்றார். கதை பொய்யாகவில்லை, இரண்டு கடிகாரங்களின் கதை ஒன்றாய்க் கலந்திருந்தது. அவற்றைப் பிரித்துக் காட்டியதே ஆராய்ச்சி செய்த தொண்டு. பின்மூடியில் யாதும் பொறிக்கவேண்டாவென்று நண்பர் தீர்மானித்தார். விளம்பர ஏட்டையும், கண்ட செய்திகளை எழுதிய சிறு தாளையும் கடிகாரத்தோடு ஒரே பெட்டியில் வைத்து மகனுக்கு அளிக்கவிருக்கின்றார்.

முடிவாக ஒன்று கூறவேண்டும். அவ்வேட்டின் மற்றப் பகுதிகளைத் தேடி, தைத்துக் கட்டிய பழஞ்சஞ்சிகைத் தொகுதிகள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தோம். கதைகளும் கட்டுரைகளும் பத்திரமாயிருந்தன. மேலட்டைகளும் விளம்பரப் பக்கங்களும் இல்லை. பயனற்றவையென்று எண்ணிக் கட்டுவோர் அவற்றைக் களைந்துவிட்டனர். நூலகங்கள் பலவற்றில் நிகழ்ந்தது இதுவே. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில், தனியொருவர் ஆர்வத்தால் தேடிச் சேர்த்தவை தப்பிப் பிழைத்தன. காட்டுமன்னார்கோயிலிலும் பண்ணுருட்டியிலும் விருத்தாசலத்திலும் உள்ள நம் பழைய மாணவர் இல்லங்களின் பரண்களில், இத்தகைய ஏடுகள் இன்னும் எத்துணை கிடக்கின்றனவோ! ஆதலின் அன்பர்காள், பழைய சஞ்சிகையை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தைக்கக் கொடுப்பின் விளம்பரத்தோடு தைக்கச் சொல்லுங்கள். ஏட்டைக் கத்தரிப்பின் பத்திரிகையின் பெயரையும் நாளையும் ஓரத்தில் எழுதிவையுங்கள். நம் கல்லூரிச் சஞ்சிகையின் பழைய இதழ்களுக்கும் இதுவே எம் வேண்டுகோள். இவ்விதழின் கடைசிப் பக்கங்களில் வரும் விளம்பரங்களை நம்மில் எவரும் படிப்பதில்லை. அறுபதாண்டு கழித்து, ஒரு பேரன் தன் பாட்டனார் கடிகாரத்தைக் கையிலேந்தி, அப்பக்கங்களைத்தான் முதலில் தேடுவான்.